விசாரிக்க வந்தவர்

எங்கள் ஊரில் என்னை அரை டாக்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "அமெரிக்கா டாக்டருங்களுக்கு வேலை பாக்குது" என்று அப்பா யாரிடமோ சொன்னதன் விளைவு. திருக்காட்டுப்பள்ளிப் பேருந்தை விட்டு இறங்கி வீடு போய்ச் சேர்வதற்குள் ஒருத்தர் முழங்காலைக் காட்டுவார், இன்னொருத்தர் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து நீட்டுவார். எனக்கு மாத்திரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. தஞ்சாவூரில், கீழே செருப்புக் கடையும் மேலே நாங்களுமாக இருக்கும் ஒரு கட்டடத்தில், அமெரிக்க டாக்டர்களின் பில்களைப் பார்ப்பதுதான் என் வேலை.

அங்கே நோயாளி டாக்டரைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார். டாக்டருக்குப் பணம் பெரும்பாலும் பிறகுதான், இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வரும். என்ன நோய் என்பதற்கு ஒரு எண், டாக்டர் என்ன செய்தார் என்பதற்கு ஒரு எண். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். காது வலி என்று வந்தவருக்கு முழங்காலில் ஊசி போட்டதாக அனுப்பினால் கம்பெனி பணம் தராது. பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் தராது, முன்கூட்டியே அனுமதி வாங்காவிட்டாலும் தராது. தராததற்கு ஒரு காரணம் மட்டும் எழுதி வரும். அப்படித் திரும்பி வந்தவைதான் என் மேசைக்கு வரும். அந்தக் காரணத்தை ஒழுங்காகப் படித்து, அதற்கு மட்டும் பதில் சொல்லி, மறுபடி அனுப்ப வேண்டும். பக்கம் பக்கமாக நியாயம் பேசினால் யாரும் படிக்க மாட்டார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். உண்மைதான். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் வராது. முகம் தெரியாதவர்களின் நோய் என்பதால் இருக்கலாம்.

இந்த வேலைக்கு வந்த பிறகுதான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து ஒரு மருத்துவ பாலிசி எடுத்தேன். அப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை. "நல்லா இருக்கற மனுசனுக்கு வியாதி வரும்னு பணம் கட்டுவாங்களா? அந்தக் காசுக்கு ஒரு மூட்டை உரம் வாங்கலாம்" என்றார். அவரிடம் எல்லாக் கணக்கும் உரத்தில்தான் முடியும். எங்கள் குடும்பத்தில் அவருக்கு முன்னால் எல்லோரும் மற்றவர்கள் வயலில் நாற்று நட்டவர்கள். அப்பாதான் முதலில் குத்தகைக்கு எடுத்தார், பிறகு கொஞ்சம் சொந்தமாக வாங்கினார். அந்த வயலைப் பற்றிப் பேசும்போது அவர் குரலே மாறிவிடும்.

அந்த ஆடி மாதம் குறுவைக்குத் தண்ணீர் கட்டப் போனவர், மடையைத் திறந்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். வேர்த்துக் கொட்டியிருக்கிறது. இடது கை கனக்கிறது என்றாராம். அம்மா ஆட்டோவில் ஏற்றித் திருக்காட்டுப்பள்ளிக்குக் கொண்டுபோக, அங்கே ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு உடனே தஞ்சாவூருக்கு அனுப்பிவிட்டார்கள். நான் அலுவலகத்திலிருந்து ஓடினேன். இதயத்துக்குப் போகும் குழாய்களில் மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்தாக வேண்டும் என்றார் டாக்டர். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"இந்த வாரத்துக்குள்ள பண்ணிடணும்மா. தள்ளிப்போடற கேஸ் இல்ல இது."

அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாயும் கம்பியுமாகப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டது, "தண்ணி யாரு கட்றா?" என்றுதான்.

ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸுக்கென்று தரைத்தளத்தில் ஒரு கண்ணாடி அறை. அதில் என்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி. விவரங்களை அனுப்பிவிட்டு, "சாயங்காலத்துக்குள்ள அப்ரூவல் வந்துரும் அக்கா" என்றாள். நானும் நம்பினேன். பாலிசி சரியாக இருந்தது, பெயர் சரியாக இருந்தது, புதுப் பாலிசிக்குப் பணம் தராத காத்திருப்புக் காலமும் முடிந்திருந்தது. எல்லாவற்றையும் நானே பார்த்துப் பார்த்துச் செய்தது. ஊரில் யாருக்கு வந்தாலும் எனக்கு இந்தச் சிக்கல் வராது என்ற திமிர் கொஞ்சம் இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் மதியம் அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டாள். முகம் சரியில்லை. திரையைத் திருப்பிக் காட்டினாள். கம்பெனியின் விசாரணை அதிகாரி நேரில் போய் விசாரித்ததில், பாலிசிதாரர் நல்ல ஆரோக்கியத்துடன் ஊரில் நடமாடுவதாக அக்கம்பக்கத்தார் சொல்கிறார்களாம். ஆகவே, அவர் பெயரில் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருப்பவர் வேறு ஆள் என்று சந்தேகம். அனுமதி மறுக்கப்படுகிறது.

வேறு ஆள். மேலே இரண்டாவது மாடியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்த என் அப்பா, வேறு ஆள். அமெரிக்காவில் எத்தனை பேருக்கு மறுப்பு வந்து பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு காரணத்தைப் பார்த்ததே இல்லை.

மாடிக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் கதவுக் கண்ணாடி வழியாக அப்பாவை எட்டிப் பார்த்தாள். பிறகு, "வயல வெச்சுடலாம்" என்றாள். அடகு வைத்தாலும் பணம் கைக்கு வர நாளாகும். அதுவும் அந்த வயல் போயிற்று என்று தெரிந்தால், ஆபரேஷன் நன்றாக நடந்தாலும் அப்பா எழுந்திருக்க மாட்டார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதை இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

அப்போதுதான் அத்தை போன் செய்தாள். அப்பாவின் தங்கை. எங்களுக்கு அடுத்த வீடு. அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இந்த நேரத்துல சொல்லலாமா வேணாமான்னு தெரியல. ஆனா நல்ல சேதி. நேத்து காலையில உன்னைய விசாரிச்சுட்டு ஒருத்தர் வந்தாரு."

"என்னை எதுக்கு?"

"எதுக்கு வருவாங்க? மாப்பிள்ள வீட்டு ஆளுதான். நல்லா சட்டையெல்லாம் இன் பண்ணிக்கிட்டு, கையில ஒரு பை. குடும்பம் எப்படி, எத்தன பசங்க, அப்பா குடிப்பாரா, சக்கர வியாதி உண்டா, முன்ன ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரா, எல்லாம் ஒண்ணுவிடாம கேட்டாரு. நாங்க விட்டுக் குடுப்பமா? வியாதியே கெடையாது, ஆஸ்பத்திரி வாசல மிதிச்சது கெடையாதுன்னு சொல்லிட்டேன்."

"அப்பா எங்கன்னு கேட்டாரா அத்தை?"

"கேட்டாரு. வேளாங்கண்ணிக்கு வேண்டுதல், போயிருக்காருன்னு சொன்னேன். டீக்கடையில, இப்பத்தான் டீ குடிச்சுட்டு வயலுக்குப் போறாருன்னு சொல்லியிருக்காங்க. அடுத்த வயல்காரரு இருக்காருல்ல, அவருதான் ரொம்ப நல்லா பேசுனாராம். மாடு வாங்கத் திருப்பனந்தாளுக்குப் போயிருக்காரு, மனுசன் கல்லு மாதிரி இருக்காரு, காய்ச்சல்னு படுத்து நானே பாத்ததில்லன்னு."

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். பெண் பார்க்க வருவதற்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டார் தெரியாத முகமாக ஓர் ஆளை ஊருக்கு அனுப்புவார்கள். அவர் டீக்கடையில் உட்கார்ந்து பேச்சோடு பேச்சாக விசாரிப்பார். ஊருக்குள் எவ்வளவு பகை இருந்தாலும் அந்த நேரத்தில் எல்லோரும் ஒரே கட்சி. கல்யாண வயதில் பெண் இருக்கிற வீட்டைப் பற்றிக் கேட்டு முகம் தெரியாத ஒருவர் வந்தால், அது வேறு எதற்காகவும் இருக்கலாம் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றாது. அதிலும் அடுத்த வயல்காரர். வாய்க்கால் முறை தகராறில் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசி வருஷக்கணக்காகிறது. அவர் வாயால் இப்படி ஒரு சான்றிதழ்.

நான் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தேன். பிறகு அழுதேன். பிறகு அத்தையைக் கண்டபடி திட்டினேன். அவள் ஒன்றும் புரியாமல், "அப்ப மாப்பிள்ள வீட்டு ஆளு இல்லியா?" என்று கேட்டாள். வந்தவர் யார் என்று விளக்கிச் சொன்னேன்.

"ஐயோ, எங்க அண்ணன நானே கொன்னுட்டனா" என்றாள் கடைசியில். அதைக் கேட்டதும் என் கோபமெல்லாம் இறங்கிவிட்டது.

கண்ணாடி அறைக்குத் திரும்பிப் போனேன். என் மேசையில் இந்த மறுப்பு வந்திருந்தால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். காரணம் என்ன? ஆள் வேறு என்பது. அதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். டாக்டர் கடிதம், ஸ்கேன், நியாயம், கண்ணீர் ஒன்றும் தேவையில்லை. இவர்தான் அவர் என்று காட்டினால் போதும். அந்தப் பெண்ணிடம் சொல்லி விசாரணை அதிகாரியின் எண்ணை வாங்கினேன். திருச்சியில் இருந்தார். மேலே அப்பாவைப் பார்த்தாரா என்று கேட்டேன்.

"வந்தேங்க. பார்வை நேரம் முடிஞ்சுருச்சுன்னு நர்ஸ் உள்ள விடல. ஊர்ல அப்படிச் சொல்றாங்க, இங்க ஆளக் காட்ட மாட்டேங்கறாங்க. நான் என்னங்க எழுதறது?"

அவர் சொன்னதும் நியாயம்தான். நான் அவர் நாற்காலியில் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். மாப்பிள்ளை விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

"அதான் எனக்கு அவ்வளவு உபசாரமா? ஒரு அம்மா பலகாரம்லாம் குடுத்தாங்க."

"அது என் அத்தைங்க."

மறுநாள் காலை பார்வை நேரத்தில் வந்தார். அப்பாவின் கட்டிலருகே நின்று முகத்தையும் ஆதார் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அப்பாவுக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. விவசாய ஆபீஸிலிருந்து வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, ஆற்றில் தண்ணீர் எப்போது குறைப்பார்கள் என்று அவரிடம் கேட்டார். அவரும் விசாரித்துச் சொல்கிறேன் என்றார். போட்டோ எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் என்னிடம், "ஆளு இவருதான், சந்தேகமில்ல. ஆனா அன்னிக்கு ஊர்ல சொன்னதெல்லாம் என் ரிப்போர்ட்ல இருக்கே. சொன்னவங்கள்ல ஒருத்தராவது வந்து இல்லைன்னு சொல்லணும். சொந்தக்காரங்க சொன்னா எடுத்துக்க மாட்டாங்க" என்றார்.

சொந்தம் இல்லாதவர் என்றால் டீக்கடைக்காரர். அவருக்கு போன் போட்டேன், கடையை விட்டு வர முடியாது என்றார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வயல்காரரைக் கேட்கலாமா என்று நான் சொன்னதற்கு, "நம்ம வாசல்ல காறித் துப்பிட்டுப் போனவரு. அவரு வருவாரா?" என்றாள்.

நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அத்தை முந்தின நாள் இரவே அவர் வீட்டுக்குப் போய் நின்றிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் கதவு திறந்தது. வெள்ளை வேட்டி சட்டையில், கையில் நாலு இளநீரோடு அவர். அப்பாவின் வயது. நான் சின்ன வயதில் பெரியப்பா என்று கூப்பிட்டவர். அம்மாவைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். நேராக விசாரணை அதிகாரியிடம் போனார்.

"தம்பி, பொய் சொன்னது நான்தான். மாடு வாங்கல்லாம் போகல. வரப்புல உக்காந்தாருல்ல, அப்ப அவர ஆட்டோவுக்குத் தூக்கிட்டு வந்ததே நான்தான்."

எனக்கு அது தெரியாது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பதற்றத்தில் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை, அல்லது சொல்வதற்கு இன்னும் மனது வரவில்லை.

அதிகாரி எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டியபோது அவர் வாங்கவில்லை.

"ஒண்ணு கேட்டுக்கறேன் தம்பி. இதுல அவருக்கு இதய நோய்னு எழுதிட்டீங்க. நாளைக்கு பொண்ணு கேட்டு வர்றவங்க யாரும் இத எடுத்துப் பாக்க முடியாதுல்ல?"

"முடியாதுங்க ஐயா."

"அப்ப சரி" என்று கையெழுத்துப் போட்டார்.

நான் அந்த இடத்தில் நிற்க முடியாமல் ஜன்னல் பக்கம் போய்விட்டேன். எனக்குக் கல்யாணத்தில் அப்போது பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஊரார் என் கல்யாணத்தைப் பற்றிப் பேசினாலே எரிந்து விழுவேன். அன்றைக்கு மட்டும் அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. திரும்பி வந்து, "வாங்க பெரியப்பா, அப்பாவப் பாக்கலாம்" என்றேன். அவர் உள்ளே போய்க் கட்டிலின் கால்பக்கம் நின்றார். அப்பா கண்ணைத் திறந்து பார்த்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டது இவ்வளவுதான்.

"தண்ணி?"

"கட்டியாச்சு. நீ படு."

அன்று சாயங்காலம் அனுமதி வந்தது. கண்ணாடி அறைப் பெண் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். மற்றவர்களுக்காக இந்த வார்த்தையைத் திரையில் எவ்வளவோ தடவை பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறேன். அன்றைக்கு அதைப் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா கேட்ட முதல் கேள்வி, "வயல வெக்க வேண்டாமில்ல?" என்பது.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சின்னத் தலையணை கொடுத்தார்கள். இருமினாலும் தும்மினாலும் சிரித்தாலும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும், வெட்டிச் சேர்த்த எலும்பு கூடுவதற்குள் அதிர்ந்தால் உயிர் போகிற வலி எடுக்கும். அப்பா அதைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு திரிந்தார். சிரிக்க மட்டும் மாட்டார். யாராவது சிரிக்க வைத்தால் கையைக் காட்டித் தடுத்துவிடுவார். அவர் முன்பு வாய்விட்டுச் சிரிப்பவர். வீடு அந்தச் சத்தம் இல்லாமல் என்னவோ போலிருந்தது. பிழைத்தாரே, அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குறுவை அறுத்து, சம்பா நட்டு, ஐப்பசி மழையும் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று கடைத்தெருவுக்குப் போன அப்பா, சட்டைப் பொத்தான் எல்லாம் திறந்தபடி வந்து சேர்ந்தார். பின்னாலேயே அடுத்த வயல்காரர், திருதிருவென்று விழித்துக்கொண்டு.

நடந்தது இது. டீக்கடைக்கு முகம் தெரியாத ஒருத்தர் வந்திருக்கிறார். சட்டையை இன் பண்ணியிருக்கிறார், கையில் பை. எங்கள் வீட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார். ஊர் இந்தத் தடவை உஷாராக இருந்தது. டீக்கடைக்காரர் அடைப்பு எத்தனை இடத்தில் என்பதிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். அத்தை மாத்திரைகளின் நிறத்தைக்கூடச் சொல்லியிருக்கிறாள். வந்தவர் நம்பாத மாதிரி விழிக்கவும், அடுத்த வயல்காரர் எழுந்து, "இருங்க, ஆளையே காட்டறேன்" என்று, தெருவில் போய்க்கொண்டிருந்த அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, பெஞ்சின் மேல் நிறுத்தி, சட்டையைத் திறந்து தழும்பைக் காட்டியிருக்கிறார். "நல்லா பாத்துக்குங்க. போட்டோ வேணும்னாலும் எடுத்துக்குங்க. எல்லாம் உண்மை."

வந்தவர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து, பட்டுக்கோட்டையில் மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கிறார்கள், பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்திருக்கிறார்.

"மாப்பிள்ள வீடுன்னு முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல அந்தாளு?" என்றார் அடுத்த வயல்காரர், என் முகத்தைப் பார்க்காமல்.

அப்பா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது, தெருமுனை வரைக்கும் கேட்கிற அந்தப் பழைய சத்தம். கண்ணில் நீர் வழிய, மூச்சு வாங்க, நின்று நின்று சிரித்தார். அம்மா அடுக்களையிலிருந்து பதறிக்கொண்டு ஓடி வந்து, "தலவாணி எங்க, தலவாணிய எடுடி" என்று வீடெல்லாம் தேடினாள். நான் எடுக்கவில்லை. அப்பா கேட்கவும் இல்லை.